வாக்குக் கேட்க வரும் வாகனம், கிளினிக் போகவும் வருமா?



2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. வவுனியாவின் மேற்குப் பக்கத்தில் நான் ஓதிக் கொடுக்கும் மத்ரஸாவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். அஸர் தொழுகை முடிந்திருந்தது. ஆண்கள் முன் மண்டபத்திலும் பெண்கள் திரைக்குப் பின்னாலும் அமர்ந்திருந்தார்கள்.

நல்ல மனிதர். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். பெரிய பெரிய அரசியல் கதைகள் எதையும் அவர் பேசவில்லை. "இரண்டே விஷயம்தான் சொல்ல வந்தேன். இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒழுங்காக பஸ் ஓட வைப்பேன். ஆஸ்பத்திரிக்கு டொக்டரும் மருந்தும் வர வைப்பேன்" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். மற்றவர்கள் எங்களிடம் இனத்தையும் கட்சியையும் சொல்லி வாக்குக் கேட்டுவிட்டுப் போன இடத்தில், இவர் பஸ்ஸையும் மருந்தையும் பேசினாரே!

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து வயதான ஒரு தாயின் குரல் வந்தது.

"மகன், நீங்க சொல்ற பஸ் காலையில எத்தனை மணிக்கு வரும்?"

சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தத் தாய் விடவில்லை. "சிரிக்காதீங்க. எனக்கு சீனி வருத்தம். கிளினிக்கில எட்டு மணிக்கு முன்ன நம்பர் எடுக்கணும். பத்து மணிக்கு வாற பஸ்ஸால எனக்கு என்ன பிரயோசனம்?"

வேட்பாளர் சற்றுத் தடுமாறினார். "அதையெல்லாம் வென்ற பிறகு பார்ப்போம் உம்மா" என்றார். சலவாத்துடன் கூட்டம் முடிந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மனிதருக்குப் பதில் தெரியவில்லை என்பது இருக்கட்டும், எனக்கும் தெரியவில்லையே! இருபது வருடமாக நஹ்வும் ஸர்ஃபும் பிக்ஹும் படித்துக் கொடுக்கிறேன். எங்கள் ஊருக்கு ஒரு பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத நாங்கள் எதைப் பார்த்து வாக்களிக்கிறோம்? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது. தேடிக் கண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

மருந்து இலவசம், வழி இலவசமா?

எங்கள் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவம் இலவசம். பல நாடுகளுக்குக் கிடைக்காத பாக்கியம் இது. பிரசவங்களில் 99 வீதத்துக்கும் மேல் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. வீடு தேடி வரும் குடும்ப நல உத்தியோகத்தர்கள், தாய் சேய் கிளினிக்குகள், தடுப்பூசிகள் என்று நமது முன்னோர் கட்டியெழுப்பிய ஏற்பாடு இது.

ஆனால் வன்னியில் ஒரு தாய் அந்த இலவச மருந்தை எடுக்கப் போகும் நாளை நினைத்துப் பாருங்கள். சுபஹ் தொழுத கையோடு புறப்பட வேண்டும். உள்ளூர்ப் பாதையில் இரண்டு மூன்று மைல் நடந்து பிரதான வீதிக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டோ பிடிக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் நம்பர், வரிசை, இரத்தப் பரிசோதனை, மருந்துக்கு இன்னொரு வரிசை. திரும்பும்போது பகல் பஸ் போயிருக்கும். மீண்டும் ஓட்டோ. மருந்துக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. வழிக்கு ஒரு நாள் கூலி போய்விட்டது. கூட வந்த மகளின் வேலையும் போயிற்று, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடமும் போயிற்று.

என் உம்மாவின் கதையைச் சொல்கிறேன். அவருக்கும் சீனி வருத்தம்தான். ஒரு மாரி காலத்தில் பாதை முழுக்கத் தண்ணீர். இரண்டு மாதம் கிளினிக் போகவில்லை. "குளிசை கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஒண்டை ரெண்டா உடைச்சுப் போட்டுக்கிறன் மகன்" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். காலில் சின்ன ஒரு புண். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று வைத்தியர் கேட்டபோது, "நாடிய விதி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மௌலவி, விதி சரி. வாகனம் என்னாச்சு?" என்றார். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

மூன்று தாமதங்கள்

1994ஆம் ஆண்டு, பிரசவத்தில் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ஸெரீன் தட்டேயஸ், டெபொரா மேய்ன் என்ற இரு பெண்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் தாய் சேய் நலம் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். உயிரைப் பறிப்பவை மூன்று தாமதங்கள் என்பது அவர்களின் முடிவு. வைத்தியசாலைக்குப் போவோமா வேண்டாமா என்று வீட்டில் தீர்மானிப்பதில் ஏற்படும் தாமதம் முதலாவது. போய்ச் சேருவதில் ஏற்படும் தாமதம் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது.

இதில் நுட்பமான ஒன்று இருக்கிறது. இரண்டாவது தாமதம் முதலாவதைப் பெற்றெடுக்கிறது. வாகனம் கிடைக்காது, கிடைத்தாலும் காசு இல்லை என்று தெரிந்த வீட்டில், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்ற சொல் தானாக வரும். அந்தச் சொல்லை அதிகம் சொல்பவர்கள் பெண்கள்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடுவார்கள். தங்களுக்கு வருத்தம் என்றால் பொறுப்பார்கள். ஆகவே பஸ்ஸும் வைத்தியசாலையும் இரண்டு வாக்குறுதிகள் அல்ல. ஒன்றே.

1990

வடக்கு முஸ்லிம்களுக்கு இந்த நான்கு இலக்கத்தின் பொருள் வேறு. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். முல்லைத்தீவிலிருந்து புறப்பட்டவர்களில் நானும் ஒருவன்; பத்து வயது. உம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்களோடு நிறைமாதக் கர்ப்பிணிகள் நடந்தார்கள். வயது போனவர்களைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வண்டி. அது கிடைக்கவில்லை.

இன்று எங்கள் பிள்ளைகளுக்கு 1990 என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். அவசர அம்புலன்ஸை அழைக்கும் தொலைபேசி இலக்கம் அது. 'சுவசெரிய' என்ற அந்தச் சேவை இந்தியாவின் நன்கொடையுடன் 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது. 2018 ஜூலை 21இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கும் வந்தது. அதே ஆண்டில் அதற்கென ஒரு சட்டமும் நிறைவேறியது. நாடு முழுவதற்குமாக 297 வண்டிகள் கொடுக்கப்பட்டன. அழைப்பும் இலவசம், பயணமும் இலவசம். இனமோ மதமோ கேட்பதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் இந்த இலக்கம் மனனமாக இருக்க வேண்டும். கணவர் வீட்டில் இல்லாத நேரத்திலும் தயங்காமல் அழைக்க வேண்டும்.

ஆனால் அதன் எல்லையையும் விளங்கிக்கொள்ளுங்கள். அது உயிராபத்துக்கு வரும் வண்டி. மாதாந்தக் கிளினிக்குக்கு வராது. வைத்தியசாலையில் விட்டபின் வீட்டுக்குக் கூட்டி வராது. என் உம்மாவின் காலில் இருந்த புண், முதல் மாதத்தில் அவசரம் அல்ல. அவசரமானபோது விரலைக் காப்பாற்ற நேரம் கடந்துவிட்டது. அவசர வண்டிக்கு வேலை வராமல் தடுப்பது அன்றாட பஸ்தான்.

பஸ் ஏன் வருவதில்லை?

"பஸ்காரர் பாவம் பார்ப்பதில்லை" என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். கணக்கைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை 92,238. அதன் பரப்பு சுமார் 2,600 சதுர கிலோமீற்றர். ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 35 பேர்தான். கொழும்பு மாவட்டத்தில் அதே பரப்பில் 3,000க்கும் மேற்பட்டோர். கொழும்பில் ஒரு பஸ் பத்து நிமிடத்தில் நிறையும். எங்கள் பாதையில் குளத்துக்கு ஒரு கிராமம், காட்டைத் தாண்டி அடுத்தது. டிக்கட் காசை மட்டும் நம்பி ஓடும் பஸ் அங்கே நட்டத்தில்தான் ஓடும், ஓடாமல் விட்டுவிடும்.

இது புதிய பிரச்சினையல்ல. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசாங்கம் பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்ததற்கு ஒரு காரணம், இலாபம் வராத பாதைகளிலும் பஸ் ஓட வேண்டும் என்பதே. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் கொடுக்கப்பட்டது. இலாபம் வரும் பாதையில் போட்டி போட்டு ஓடினார்கள். இலாபம் வராத பாதை அநாதையாயிற்று. பின்பு 1991இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அமைந்தது. மாணவருக்குக் குறைந்த கட்டணத்தில் ஓடும் 'சிசு செரிய' 2005இல் வந்தது. வருமானம் குறைந்த கிராமப் பாதைகளில் ஓடுவோருக்கு மானியம் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது.

இந்த மானியம்தான் திறவுகோல். நட்டத்தை யாராவது பொறுப்பேற்றால் பஸ் வரும். "பஸ் விடுவேன்" என்று சொல்லும் வேட்பாளர், "நட்டத்தை இந்த நிதியிலிருந்து கொடுக்க வைப்பேன்" என்றும் சொன்னால்தான் அந்த வாக்குறுதிக்குச் சக்கரம் பூட்டியதாகும்.

சாவி யார் கையில்?

இனிதான் சிக்கல். 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி சுகாதாரத்தின் பெரும் பகுதி மாகாண சபைக்குரியது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை போன்றவை மத்திய அமைச்சின் கீழ். மாவட்ட வைத்தியசாலைகளும் கிராமத்து வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கீழ். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்குப் பாதை அனுமதி கொடுப்பது மாகாண அதிகார சபை. மாகாணம் தாண்டி ஓடும் பஸ்ஸுக்கு தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. இ.போ.ச. பஸ் மத்திய அமைச்சின் கீழ். ஊர்ப் பாதையும் பஸ் தரிப்பிடமும் பிரதேச சபை. ஒரு கிழவி கிளினிக் போய் வர நான்கு கதவுகள் திறக்க வேண்டும்!

இந்தக் கதவுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டதை வவுனியா மக்கள் நேரில் கண்டார்கள். பெருந்தொகை செலவில் கட்டிய புதிய பஸ் நிலையம் 2017இல் திறக்கப்பட்டது. அங்கே போக இ.போ.ச.வினர் சம்மதிக்கவில்லை. தனியார் பஸ்களுக்கும் அவர்களுக்கும் இடையில் நேர அட்டவணைப் பிணக்கு. 2018 ஜனவரியில் வேலைநிறுத்தம் வரை போனது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் மருந்துப் பையோடு வீதியில் நின்றவர்கள் எந்தப் பக்கத்தையும் சேர்ந்தவர்கள் அல்ல.

வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. அச்சபையில் சுகாதார அமைச்சராக வந்தவர் வவுனியாவில் போட்டியிட்டு வென்ற வைத்தியர் ப. சத்தியலிங்கம். போக்குவரத்து, மன்னாரைச் சேர்ந்த பா. டெனீஸ்வரனிடம் இருந்தது. வன்னி மண்ணைச் சேர்ந்த இருவர் கையில் மருந்தும் பஸ்ஸும் இருந்த காலம் அது. அவர்கள் செய்தது போதுமா, போதாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றைத்தான் சொல்கிறேன். அன்று கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது. 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தது. 2024இல் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோதும் புதிய மாகாண சபை தெரிவாகவில்லை. அதிகாரம் ஆளுநரிடம் இருந்தது. ஆகவே மாகாண சபை வேட்பாளரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் பாராளுமன்ற வேட்பாளரிடம் கேட்டோம். அவர்களும் "ஆம்" என்றார்கள்.

அப்படியானால் பாராளுமன்ற உறுப்பினரால் ஒன்றும் முடியாதா? முடியும். வரவு செலவுத் திட்டம் நிறைவேறுவது அவர்கள் கையுயர்த்தினால்தான். பாராளுமன்றத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். பதில் ஹன்சார்டில் பதிவாகும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இ.போ.ச. அதிகாரியையும் சுகாதாரப் பணிப்பாளரையும் ஒரே மேசையில் வைத்து, "கிளினிக் எட்டு மணிக்கு என்றால் பஸ் ஏன் பத்து மணிக்கு?" என்று கேட்கலாம். பஸ் நேரத்தை மாற்ற எப்போதும் கோடிகள் தேவைப்படாது. இரண்டு அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசினாலே போதும். பேச வைக்கத்தான் ஆள் வேண்டும்.

எல்லை தாண்டும் நோய்

வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும். 2024இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், ஆசனங்கள் 6. அந்த ஆறும் ஐந்து அணிகளுக்குப் பிரிந்தன. தேசிய மக்கள் சக்திக்கு 2. ஐக்கிய மக்கள் சக்தி, இலங்கைத் தமிழரசுக் கட்சி, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கைத் தொழிற் கட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. தமிழரும் முஸ்லிமும் தெரிவானார்கள். ஆறு பேரும் ஆண்கள்.

கிளிநொச்சி வன்னி நிலம்தான். ஆனால் அதன் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு எண்ணப்படுகிறது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியுடன் பெண்களுக்கான சிறப்பு மருத்துவ நிலையம் ஒன்று 2024 மே மாதம் திறக்கப்பட்டது. மகிழ்ச்சியான செய்தி. துணுக்காயிலோ மல்லாவியிலோ உள்ள முல்லைத்தீவுப் பெண் ஒருத்தி அங்கே போக வேண்டுமானால், அவள் வாக்களித்த உறுப்பினர் ஒரு மாவட்டம், வைத்தியசாலை இன்னொரு தேர்தல் மாவட்டம். நோய்க்குத் தேர்தல் எல்லை தெரியாது. ஆகவே இந்த ஒரு விஷயத்திலாவது எங்கள் பிரதிநிதிகள் கட்சியையும் இனத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு ஒன்றாக அமர வேண்டும். நீராவிப்பிட்டியில் இருந்து ஏறும் முஸ்லிம் தாயும் முள்ளியவளையில் ஏறும் தமிழ்த் தாயும் ஒரே பஸ்ஸில்தானே போகிறார்கள்!

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் புதிய அரசு பதவியேற்ற முதல் நாளிலேயே சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற உத்தரவு வந்தது. பஸ் நிறுவனத்தின் நட்டத்தை அரசு கொடுக்கிறது. அதே ஆண்டு ஓகஸ்ட் 5இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சீனி, பிரஷர் உள்ளவர்களின் வீட்டுக்கே சென்று பரிசோதித்து மருந்து கொடுக்கும் திட்டம் அது. நோயாளியை மருந்திடம் கொண்டு போக வேண்டும். முடியாவிட்டால் மருந்தை நோயாளியிடம் கொண்டு வர வேண்டும். வழி இந்த இரண்டுதான்.

பிரித்தானியாவில் பஸ் கம்பனிகள் கைவிட்ட கிராமங்களில் ஊர் மக்களே சிறிய வான்களை ஓட்டுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், இலாபம் கருதாத ஊர்ச் சங்கங்களுக்கு அதற்கென அனுமதிப்பத்திரம் வழங்க இடம் வைத்தது. வைத்தியசாலைக்கும் கடைக்கும் முதியோரை ஏற்றிச் செல்ல ஓய்வுபெற்றவர்கள் தொண்டாகச் சாரத்தியம் செய்கிறார்கள்.

எங்கள் ஊர்களிலும் இதற்கு வேர் இருக்கிறது. ஜனாஸா என்றால் அரை மணி நேரத்தில் பத்து வாகனம் வந்து நிற்கும். காசு யாரும் கேட்பதில்லை. இறந்தவருக்காக வரும் வாகனம், உயிரோடிருக்கும் நோயாளிக்காக மாதம் ஒரு நாள் வரக் கூடாதா? ஜமாஅத் நிர்வாகிகள் கிளினிக் நாட்களைக் குறித்து வைத்து, ஊரில் வான் வைத்திருப்பவர்களோடு பேசி, பெண் துணையுடன் போய் வர ஒழுங்கு செய்யலாம். இது அரசாங்கத்தின் கடமையை நாங்கள் தலையில் போட்டுக்கொள்வதல்ல. பஸ் வரும் வரைக்குமான ஏற்பாடு.

வாக்களிப்பு நாளின் பஸ்

கசப்பான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்தில் வாழும் இடம்பெயர்ந்த முஸ்லிம்கள் தங்கள் வாக்கைப் போட மன்னாருக்கு வரிசையாக பஸ்களில் புறப்பட்டார்கள். தந்திரிமலைப் பகுதியில் அந்த பஸ்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அல்லாஹ்வின் உதவியால் உயிர்ச்சேதம் இல்லை. கைப்பிள்ளையோடும் மாமிமாரோடும் பெண்கள் அந்த பஸ்களில் இருந்தார்கள். திரும்பிப் போகவில்லை, வந்து வாக்களித்தார்கள். வாக்கின் பெறுமதியை அந்தப் பெண்களிடம் படிக்க வேண்டும்.

ஆனால் நான் கேட்பது இது. வாக்களிக்கும் நாளில் எங்களுக்காக பஸ் கிடைக்கிறது, டீசல் கிடைக்கிறது, சாரதி கிடைக்கிறார், சாப்பாட்டுப் பார்சலும் கிடைக்கிறது. ஐந்து வருடத்தில் மற்ற நாட்கள் எல்லாம் அந்த பஸ் எங்கே போகிறது? வாக்குக்காக நம்மை ஏற்றுபவரை விட, மருந்துக்காக நம்மை ஏற்றுபவரே நமக்கு வேண்டியவர்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த தேர்தல் பிரதேச சபையாக இருக்கலாம், மாகாண சபையாக இருக்கலாம், பாராளுமன்றமாக இருக்கலாம். வேட்பாளர் வந்தால் திரைக்குப் பின்னால் இருந்தே கேளுங்கள். குரலுக்குக் கூச்சம் வேண்டாம்.

1. நீங்கள் சொல்லும் பஸ் எந்தப் பாதையால், எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குத் திரும்பும்?

2. அது இ.போ.ச. பஸ்ஸா, தனியார் பஸ்ஸா? அனுமதி கொடுப்பவர் யார்? நட்டம் வந்தால் எந்த நிதியிலிருந்து கொடுப்பீர்கள்?

3. எங்கள் கிராமத்து வைத்தியசாலையில் இல்லாதது எது? டொக்டரா, மருந்தா, ஆய்வுகூடமா? நீங்கள் அங்கே போய்ப் பார்த்தீர்களா?

4. நீங்கள் தெரிவாகும் சபைக்கு இதில் என்ன அதிகாரம் இருக்கிறது? இல்லாததை யாரிடம், எப்படிக் கேட்பீர்கள்?

5. ஒரு வருடம் கழித்து இதே மத்ரஸாவுக்கு வந்து கணக்குச் சொல்வீர்களா?

பதில்களை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு வாக்கும், அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கும் இருக்கிறது. நல்ல பதில் சொன்னவரைத் தேர்ந்தெடுக்க அந்த விருப்பு வாக்கு உதவும். அதைப் போடாமல் வருபவர்கள் எங்கள் பெண்களில் பலர். மாமா சொன்னார், நானா சொன்னார் என்று சின்னத்துக்கு மட்டும் புள்ளடி போட்டுவிட்டு வருவது பாதி அமானத்தை வீதியில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் சட்டத்தில் இருக்கிறது. பஸ் தரிப்பிடத்தில் வெயிலில் நின்ற அனுபவம் உள்ள ஒரு பெண் அந்தச் சபையில் இருந்தால், கூரை போடச் சொல்ல வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

ஒரு கலீபாவின் இரவு

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் கூறும் சம்பவம் ஒன்று உங்களுக்குத் தெரிந்ததே. இரவில் மதீனாவுக்கு வெளியே ஒரு கூடாரம். உள்ளே பிரசவ வேதனையில் ஒரு பெண். துணைக்கு யாருமில்லை. கலீபா வீட்டுக்கு ஓடித் தம் மனைவி உம்மு குல்தூம் (ரலி) அவர்களை மருத்துவிச்சியாக அழைத்து வந்தார்கள். மாவையும் கொழுப்பையும் தாமே சுமந்து வந்து வெளியில் அடுப்பூதினார்கள். குழந்தை பிறந்த பின்தான் அந்தக் கணவனுக்கு, அடுப்பூதியவர் யார் என்று தெரிய வந்தது.

இந்தச் சம்பவத்தை மிம்பரில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், பணிவுக்கு உதாரணமாக. இப்போதுதான் இன்னொன்று விளங்குகிறது. அந்த ஆட்சித் தலைவர் அன்றிரவு செய்தவை இரண்டு. மருத்துவ உதவியை அந்தப் பெண்ணிடம் கொண்டு சேர்த்தார்கள். உரிய நேரத்தில் கொண்டு சேர்த்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்து எங்கள் ஊர்த் தாய் கேட்டதும் இதைத்தான்.

எங்கள் மத்ரஸாவுக்கு வந்த வேட்பாளர் தெரிவாகவில்லை. சென்ற மாதம் சந்தையில் கண்டேன். ஸலாம் சொல்லி, "மௌலவி, அந்த உம்மா சுகமா?" என்று விசாரித்தார். பிறகு சற்றுத் தயங்கி, "அன்றைக்கு அவ கேட்ட பிறகு டிப்போவில போய் விசாரிச்சேன். ஊரில் இருந்து ஒரு மனு வந்தா நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றாங்க. நான் தோத்திட்டேன், யாரும் எழுதல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து கடதாசியும் பேனாவும் எடுத்தேன். இப்போது எங்கள் ஊரில் கையொப்பம் சேர்கிறது. முதலாவது கையொப்பம் அந்தத் தாயுடையது. எழுதத் தெரியாது; பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏழு மணி என்று போட்டீங்களா மகன்?"

போட்டிருக்கிறேன்.